மூன்றாவது ஷட்டர்

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில்
பாஸ்டர் நாகூம் மைக்கைப் பிடித்தபடி
வடக்கே திரும்பி ஒரு பிசாசுக்கு,
தெற்கே திரும்பி இன்னொன்றுக்கு,
தனித்தனியாகக் கட்டளை போட்டார்.
தகரக் கூரை அதிர்ந்தது.
நானும் கத்தினேன். போ என்றேன்.
எனக்கு அதிகாரம் உண்டு என்றேன்.
தொண்டை கட்டிக்கொண்டது.

எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்தேன்.
பொறையாறு தாண்டி, இறால் குட்டைகள் தாண்டி,
கடலைக் கண்டு ஆறு தயங்குகிற இடத்தில்
ஐந்து கண் ரெகுலேட்டர்.
நான் அதற்கு லஸ்கர்.
வீட்டுக்காரர் செத்தபின்
கருணை அடிப்படையில் வந்த வேலை.
சாவிக்கொத்து, டார்ச், ஒரு நோட்டுப் புத்தகம்.

அதிகாரம் என்றால் என்ன என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.
ஆறு எனக்குப் பயந்து நிற்பதில்லை.
நாற்பத்தெட்டு கிலோ பொம்பளை நான்.
இத்தனை அடி என்று மேலே ஒருவர் எழுதி அனுப்புகிறார்,
நான் சக்கரத்தைச் சுற்றுகிறேன்,
குடகில் பிறந்த தண்ணீர்
என் மணிக்கட்டுக்குக் கீழ்ப்படிகிறது.
கையெழுத்துக்கு மேல் கையெழுத்து.
என்னுடையது கடைசிக் கை. அவ்வளவுதான்.

கடல் கூச்சலிட்டு வராது.
பௌர்ணமி ஏற்றத்தில்
மேலே நல்ல தண்ணீர் ஓடும்போதே
அடியில் கனமாக உப்பு ஏறும்.
ரப்பர் சீல் தேய்ந்த இடம்
என்னைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

அன்று புரட்டாசிப் பௌர்ணமி.
ஒன்பதரைக்கு நான்கு கண் இறங்கிவிட்டது.
மூன்றாவதில் இரண்டு அங்குலம் மிச்சம்.
மேற்கே இன்ஜின் சத்தம்.
உத்திராபதியின் இன்ஜின்.
போன வருஷம் முறைத் தண்ணீர்ச் சண்டையில்
மண்வெட்டிக் கணையால்
என் தம்பி தீத்துவின் முழங்கையை உடைத்தவன்.
தீத்து இன்றும் இடது கையால்தான் சாப்பிடுகிறான்.
இன்ஜின்
இருபது நாள் நாற்றுக்கு இறைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வந்தான்.
கொம்பு இல்லை, நாற்றம் இல்லை.
கணக்குப்பிள்ளை மாதிரி வந்தான்.
இரண்டு அங்குலம்தானே.
சீல் போச்சு என்று மூன்று கடிதம் போட்டாயே,
நகல் வைத்திருக்கிறாயே,
யார் உன்னைக் கேட்கப்போகிறார்கள்?
குரல் என் குரலாகவே இருந்தது.
அதனால் எனக்குப் பயமே வரவில்லை.

சக்கரத்தில் கை வைத்தபடி நின்றேன்.
போ என்று சொல்ல எதிரே ஆளில்லை.
ஜெபம் வரவில்லை. அன்னிய பாஷையும் வரவில்லை.
தம்பி கையில் டம்ளர் நடுங்குவது மட்டும்
வந்து வந்து போனது.
பிறகு, ஏனென்று தெரியவில்லை,
நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது.
மூடிய நேரம், அளவு, கையொப்பம்.
அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவேன்?
மேலே இருக்கிறவர்
வாசிக்கிற நோட்டு.

சுற்றினேன்.
திருகு கிரீச்சிட்டது. முழங்கைவரை கிரீஸ்.
அந்த இரண்டு அங்குலம்
ஐந்து கதவையும் சேர்த்த கனம்.
கதவு தரையில் போய் உட்கார்ந்தபோது
என் கால்கள் நடுங்கின.
பத்தே முக்கால்.
பத்தே முக்கால் என்றே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை
ஜெயம் பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்லுங்கள் என்றார் பாஸ்டர்.
பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையை இடித்தாள்.
நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை
உத்திராபதியின் நாற்றங்காலில் தண்ணீர் விழும் மூலையில்
ஒரு பாய் அகலத்துக்கு மஞ்சள்.
மற்றதெல்லாம் பச்சை.
யூரியா கூடிப்போச்சு என்று
டீக்கடையில் சொன்னானாம்.

வரப்பில் போய் நின்றேன்.
அவன் குனிந்து
அந்த மஞ்சளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.
வானத்துச் சேனைகளை அதட்டிய வாய்,
ஓர் 'அண்ணே' வரவில்லை.
இடுப்பில் சாவிக்கொத்து குத்தியது.

இரண்டாம் முறை வந்தது.
அவன் நிமிர்ந்தான்,
கையில் வேர்மண்ணோடு.